இடது கைக்காரனுக்கு ஒரு ஐந்து கம்பி பேஸ்: ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கி இரண்டு வருடம் ஆகிறது

இடக்கை_பேஸ் | பாளையங்கோட்டை

ஆர்டர் கொடுத்துச் செய்த என் பேஸ் கிட்டாரைப் பற்றித் தனிச்செய்தியில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் இடது கைக்காரன். பதினாறு வயதில் சர்ச்சில் வாசிக்கத் தொடங்கியபோது அங்கே இருந்தது வலது கைக்காரர்களுக்கான நாலு கம்பி பேஸ். அதைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை வரிசை மாற்றிப் போட்டு, பதினோரு வருடம் வாசித்தேன். ஆராதனை, கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை என்று எல்லாக் கச்சேரிக்கும் அதுதான்.

திருப்பிப் பிடித்தால் என்ன கஷ்டம் என்று வலது கைக்காரர்களுக்கு எளிதில் புரியாது. கிட்டார் உடலில் ஸ்ட்ராப் மாட்டும் நீளக் கொம்பு கீழே போய்விடும். பட்டனைக் கழற்றிக் குட்டைக் கொம்பில் மாட்டினால் எடையின் சமநிலை கெட்டு, நெக் (கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து) தரையைப் பார்த்து இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வலது கையால் தாங்கிப் பிடித்தபடியே, நெக்கின் குறுக்கே உலோகக் கோடுகளாகப் பதித்த ஃப்ரெட்டையும் அழுத்த வேண்டும். வால்யூம், டோன் திருகுகள் எல்லாம் இடது முழங்கைக்கு அடியில் வந்துவிடும். பாட்டின் நடுவே கை உரசி சத்தம் குறைந்துபோகும். 15ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போக அந்த நீளக் கொம்பு விடாது. நெக்கின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில், தடித்த ஈ கம்பிக்காக வெட்டிய பள்ளத்தில் மெல்லிய ஜி கம்பி உட்கார்ந்து ஆடும்.

ஒன்பதாம் வருடத்தில் வலது மணிக்கட்டு வலி ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் ஆறு வாரம் கருவியைத் தொடவே முடியவில்லை. அப்போதுதான் இனி என் கைக்கான பேஸ் வேண்டும் என்று முடிவு செய்தேன். மதுரையிலும் சென்னையிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். இடது கைக்கு ஐந்து கம்பி பேஸ் ஒன்றுகூடக் கையிருப்பில் இல்லை.

கர்நாடகத்தில் தனியாகப் பட்டறை வைத்துக் கிட்டார் செய்யும் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தேன். 1,35,000 ரூபாய், பாதி முன்பணம். ஏழு மாதம் என்றார், பதின்மூன்று மாதம் ஆனது. முதல் சந்திப்பில் என்ன மரம், என்ன நிறம் என்று எதையுமே அவர் கேட்கவில்லை. என் பழைய பேஸை மாட்டி நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஒரு மணி நேரம் வாசிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்கை எங்கே படுகிறது, மணிக்கட்டு எவ்வளவு மடிகிறது, கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நான் கொடுத்த பணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மரமும், கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பும் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

பேஸ் கைக்கு வந்த அன்று வீட்டில் நின்றுகொண்டு மாட்டிப் பார்த்தேன். இரண்டு கையையும் எடுத்தேன். நெக் அப்படியே நின்றது. பதினோரு வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

---

நாலுகம்பி_போதும் | சேலம்

வாழ்த்துகள் அண்ணே. ஒரு கேள்வி. கம்பியை வரிசை மாற்றாமல், வலது கை பேஸை அப்படியே திருப்பி வாசிக்கப் பழகியிருந்தால் இந்தச் செலவே வேண்டாமே? யெல்லோஜாக்கெட்ஸ் என்ற அமெரிக்க ஜாஸ் குழுவில் வாசித்த ஜிம்மி ஹாஸ்லிப் அப்படித்தான் வாசிப்பார்.

---

இடக்கை_பேஸ் | பாளையங்கோட்டை

உண்மைதான் தம்பி, மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே இருக்க அவர் அற்புதமாக வாசிப்பார். ஆனால் அப்படி வாசித்தாலும் கொம்பும் திருகுகளும் இடம் மாறப்போவதில்லை. என் மணிக்கட்டைக் கெடுத்தது கம்பி வரிசை இல்லை, எடைதான். பீட்டில்ஸ் குழுவின் இடது கைக்காரர் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் ஹோஃப்னர் வயலின் பேஸை எடுத்ததற்கு ஒரு காரணம், அதன் உடல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததுதான். திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது. எல்லா பேஸும் அந்த வடிவத்தில் வருவதில்லையே.

---

கோவை_குட்டைவிரல் | கோயம்புத்தூர்

அண்ணா, நான் வலது கைக்காரிதான், ஆனால் உங்கள் பதிவில் வரும் வலி எனக்கும் தெரியும். என் கை சின்னது. 34 அங்குல பேஸில் (நட்டிலிருந்து உடலில் இருக்கும் பாலம் வரை கம்பியின் நீளம்) முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாம் ஃப்ரெட் வரை கிட்டத்தட்ட 130 மில்லிமீட்டர். ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று சொல்லிக்கொடுப்பார்கள். என்னால் சுண்டுவிரலை அங்கே கொண்டுபோகவே முடியாது. எட்டு வருடம் நான்தான் சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் 32 அங்குலத்தில் நாலு கம்பி பேஸ் ஒன்று செய்து வாங்கினேன். அதே தூரம் 122 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் முதல் வாரத்திலேயே, எழுதி வைத்து மனப்பாடம் செய்த வரிகளெல்லாம் விரலில் தானாக வந்துவிட்டன. இளையராஜா பாடல்களில் பேஸ் பின்னால் நின்று தாளத்துக்கு மட்டும் ஒத்தாசை செய்யாது, பாட்டுக்குள்ளே தனியாக இன்னொரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். அந்த ஓட்டத்தைப் பிடிக்க விரல் போதவில்லை என்றால் மனசு உடைந்துவிடும். எனக்கு இப்போது அது இல்லை.

---

நாலுகம்பி_போதும் | சேலம்

அக்கா, 32 அங்குலத்தில் ஈ கம்பி தொளதொள என்று இருக்காதா?

---

கோவை_குட்டைவிரல் | கோயம்புத்தூர்

அதே கம்பியைப் போட்டால் இருக்கும். ஒரே சுருதிக்கு இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34இலிருந்து 32க்கு வந்தால் பதினொரு சதவீதம் குறையும். அதனால் 105 கேஜ் தடிமனுக்குப் பதிலாக 110 போட்டேன், சரியாகிவிட்டது. கம்பி வாங்கும்போது நடுத்தர நீளத்துக்கான செட்டா என்று பார்த்து வாங்குங்கள். நீளமான செட்டை வாங்கினால் தடித்த பகுதியே சுருதி ஆணியில் சுற்றி, கம்பி அங்கே பிரிந்துவிடும்.

---

மேடை_சவுண்ட் | திருச்சி

நான் பேஸிஸ்ட் இல்லை, இருபது வருடமாக சவுண்ட் பார்க்கிறேன். ஆர்டர் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மரத்துக்குச் செலவு செய்வதில் கொஞ்சத்தை எடுத்து உள்ளே இருக்கும் வயரிங்கில் போடுங்கள்.

நம் மண்டபங்களில் பாதிக்கு எர்த் சரியாக இருப்பதில்லை. ஜெனரேட்டர் ஓடினால் கேட்கவே வேண்டாம். சீரியல் லைட், எல்இடி திரை என்று எல்லாம் ஒரே லைனில் ஓடும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் அத்தனையையும் வாங்கி ஸ்பீக்கரில் கொட்டும். மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். பேஸில் ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட், அதாவது ஜி, 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரைச்சலை நான் மிக்சரில் வெட்டினால் உங்கள் ஜியையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். அதனால் கருவியிலேயே இரைச்சல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. இரட்டைச் சுருளால் இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் பிக்கப், குழிக்குள் முழுக்கத் தாமிரத் தாள் ஒட்டிய ஷீல்டிங், இது இரண்டும் இருந்தால் எனக்குப் பாதி வேலை குறையும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் மாடல் மாதிரி இரண்டு சிங்கிள் காயில் வைத்தால், இரண்டையும் சம அளவில் திறந்தால் மட்டும்தான் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்த உடனே திரும்ப வந்துவிடும்.

---

இடக்கை_பேஸ் | பாளையங்கோட்டை

சார் சொல்வது அத்தனையும் உண்மை. என்னுடையது இரண்டு ஹம்பக்கர், உள்ளே முழுக்கத் தாமிரம் ஒட்டியிருக்கிறது. ஒலியைக் கூட்டித் திருத்தும் ப்ரீஆம்புக்கு 9 வோல்ட் பேட்டரி. கூடவே ஒரு சுவிட்ச் கேட்டு வாங்கினேன்: பேட்டரி செத்தால் அதைத் தட்டினால் போதும், ப்ரீஆம்பைத் தாண்டி பேஸ் நேராக ஒலிக்கும். ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண் மேடை ஏறும் நேரத்தில் பேட்டரி போனது. அந்த சுவிட்ச்தான் காப்பாற்றியது. வாசித்து முடித்ததும் ஜாக்கிலிருந்து கேபிளைக் கழற்றிவிட வேண்டும், மாட்டியே வைத்தால் ராத்திரி முழுக்க பேட்டரி கரையும்.

வயரிங்கில் ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இடது கை பேஸ் என்பதால் திருகுகள் எதிர்த்திசையில் வேலை செய்யும்படி வயரை மாற்றி இணைத்திருந்தார். ஆனால் போட்டிருந்தது வழக்கமான ஆடியோ டேப்பர் பாட் (திருகுக்கு அடியில் இருக்கும் மின்தடை). வயரை மட்டும் திருப்பிவிட்டு அதே பாட் பாகத்தைப் போட்டால், லேசாகத் திருகிய உடனே சத்தம் குபீரென்று ஏறிவிடும், மீதிச் சுற்றில் ஒன்றுமே நடக்காது. பாட்டின் நடுவில் மெதுவாக ஏற்றி இறக்க முடியாது. இடது கைக்கென்று தலைகீழ் டேப்பர் பாட் இருக்கிறது, சி டேப்பர் என்று கேட்டால் கிடைக்கும். வாங்கி மாற்றிய பிறகுதான் நிம்மதி. இடது கைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கைதேர்ந்தவர்களுக்கும் விட்டுப்போகிறது.

---

பழைய_பேஸிஸ்ட் | சென்னை

எல்லோரும் நல்ல கதையாகச் சொல்கிறீர்கள். கெட்ட கதையும் ஒன்று இருக்கட்டும், யாருக்காவது உதவும்.

ஏழு வருடம் முன்னால் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் ஆறு கம்பி பேஸ் ஆர்டர் கொடுத்தேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் இல்லை. இணையதளத்தில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. முகப்புக்கு முடிச்சு முடிச்சாக ஓடும் பர்ல் மரம், தங்க நிற உலோகப் பாகங்கள், ஃப்ரெட்போர்டில் சிப்பி வேலைப்பாடு என்று மாதக்கணக்கில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன். 35 அங்குல நீளம். நான் அதற்கு முன் ஆறு கம்பி பேஸில் ஒரு கச்சேரிகூட வாசித்ததில்லை. 35 அங்குலத்தைத் தொட்டதுகூட இல்லை.

வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. எடை 5.2 கிலோ. மூன்று மணி நேரக் கச்சேரியில் இரண்டாம் மணி நேரத்திலேயே இடது தோள் மரத்துப்போகும். மேல் சி கம்பியை நான் தொட்டது வருடத்துக்குப் பத்து முறை இருக்கலாம். வரி, கப்பல் செலவு எல்லாம் சேர்த்துக் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் விற்க முடிந்தது. நம் விருப்பத்துக்கென்றே செய்ததை இன்னொருவர் விரும்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. இப்போது கடையில் வாங்கிய சாதாரண ஐந்து கம்பி ஜாஸ் பேஸ்தான் வாசிக்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன்.

---

இடக்கை_பேஸ் | பாளையங்கோட்டை

அண்ணே, இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஆர்டர் கொடுக்கும் முன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் ஒரு மாதம் தூக்கம் கெட்டிருக்க மாட்டேன்.

நீங்கள் புதிதாக ஒன்றைக் கற்பனை செய்து ஆர்டர் கொடுத்தீர்கள், கோவை அக்காவும் நானும் ஏற்கெனவே வாசித்த பேஸில் வலித்த இடத்தைக் காட்டி ஆர்டர் கொடுத்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் விண்ணப்பத்தில் இருந்த அளவுகளில் பெரும்பாலானவை பழைய பேஸிலும், ஒரு நண்பரிடம் மூன்று மாதம் இரவல் வாங்கிய ஐந்து கம்பி பேஸிலும் ஸ்கேல் வைத்து அளந்தவை. நட் அகலம் 45 மில்லிமீட்டர். பாலத்தில் கம்பிக்குக் கம்பி 18 மில்லிமீட்டர். 19 எனக்கு அகலம், 16.5 வைத்துப் பார்த்தேன், விரல் அடுத்த கம்பியில் முட்டியது. எடை 3.8 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வந்தது 3.7.

விற்பது பற்றியும் நீங்கள் சொன்னது சரி. இடது கை, ஐந்து கம்பி, ஒருவர் உடம்புக்கு அளந்து செய்தது. நாளைக்கே விற்கப் போனால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். அது தெரிந்துதான் வாங்கினேன்.

---

பலாமரம் | தஞ்சாவூர்

எங்கள் குடும்பம் வீணை செய்யும் குடும்பம். நான் பேஸ் வாசிக்கிறேன், அப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான். மரம் என்ன போட்டீர்கள் என்று சொல்லவே இல்லையே? வீணைக்குப் பலாதான், அதுவும் நன்றாகக் காய வைத்த மரமாக இருக்க வேண்டும். எலக்ட்ரிக் பேஸுக்கு மரம் முக்கியமே இல்லை என்று சிலர் அடித்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

---

இடக்கை_பேஸ் | பாளையங்கோட்டை

உடல் மகோகனி, கேரளத்தில் தோட்டத்தில் வளர்ந்தது. நெக் மேப்பிள், ஐந்து பட்டைகளை ஒட்டியது, உள்ளே, நெக்கின் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராடுக்கு இரண்டு பக்கமும் கார்பன் கம்பி. ஃப்ரெட்போர்டு நம்ம ஈட்டி மரம், அதாவது இந்திய ரோஸ்வுட்.

வீணையில் மரக் குடம்தான் ஒலியைப் பெருக்குகிறது, அங்கே மரம்தான் எல்லாம். எலக்ட்ரிக் பேஸில் பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை. என் அனுபவத்தில் ஒலியை மாற்றுவதில் விரல், கம்பி, பிக்கப், அது இருக்கும் இடம் ஆகியவைதான் முன்னே நிற்கின்றன. ஆனால் மரம் முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 90 கிலோ இழுவிசையில் இருபத்து நாலு மணி நேரமும் நெக்கை வளைக்கப் பார்க்கின்றன. சரியாகக் காயாத மரம் அதைத் தாங்காது. காய வைப்பதில் உங்கள் அப்பா சொல்வதுதான் இங்கேயும் சட்டம். என் ஆர்டர் ஆறு மாதம் தள்ளிப்போனதில் பாதி, நெக்குக்கு வாங்கிய முதல் பலகை காய்ந்தபோது லேசாக முறுக்கியதால். அவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு பலகையில் திரும்ப ஆரம்பித்தார். அப்போது கோபம் வந்தது. இப்போது அந்த மனிதர் மேல் மரியாதைதான்.

---

ஸ்காபரோ_தம்பி | ஸ்காபரோ

வணக்கம் அண்ணா. நான் இருக்கிறது கனடாவில. இங்கே பிரச்சினை உங்களுக்கு நேர் எதிர். பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளே ஹீட்டர் போட்டால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மரம் சுருங்கும், ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காது. நெக்கின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். போன பனிக்காலம் எனக்கு இரத்தமே வந்தது. இப்போது பெட்டிக்குள்ளே ஈரப்பதம் காக்கிற பொதி வைக்கிறேன், 45 முதல் 55 வரை இருந்தால் பேசாமல் கிடக்கும்.

நான் கேட்க வந்தது வேறு. இந்தியாவில ஒருவரிடம் செய்வித்து இங்கே கொண்டுவர ஆசை. ஈட்டி மரம் இருந்தால் விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று ஒருவர் கதைத்தார். உண்மையா?

---

பலாமரம் | தஞ்சாவூர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் தொழிலில் இது தினசரி பேச்சு. 2017 ஜனவரி 2 முதல் டால்பெர்ஜியா பேரினத்து ரோஸ்வுட் மரங்கள் எல்லாமே, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலுக்குள் வந்தன. கிட்டார் விற்பவர்கள் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தது அப்போதுதான். 2019 நவம்பர் 26 முதல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992இலிருந்தே கடுமையான பட்டியலில் இருக்கிறது, அதற்கு இந்த விலக்கு கிடையாது. நம் ஈட்டி வேறு இனம். என்ன மரம், எந்த இனம் என்று செய்தவரிடம் தாவரப் பெயரோடு பில்லில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் இரண்டு நாட்டு விதிகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், விதிகள் திருத்தப்படுவது உண்டு.

---

ஸ்காபரோ_தம்பி | ஸ்காபரோ

மெத்தப் பெரிய உதவி அண்ணா. நன்றி.

---

இடக்கை_பேஸ் | பாளையங்கோட்டை

ஈரப்பதம் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் வறண்ட காற்று, ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை. இந்த இரண்டு காலத்திலும் நெக் கொஞ்சம் அசையும். வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கிறேன். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் இருந்தால் எனக்குப் போதும். கூடிவிட்டால் ட்ரஸ் ராடை கால் சுற்று மட்டும் இறுக்கிவிட்டு, ஒரு நாள் விட்டுத் திரும்பப் பார்ப்பேன். ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். திருகு மொட்டையாகிவிட்டால் பெரிய செலவு.

---

ஒரு_அம்மா | நாசரேத்

வணக்கம். எனக்கு இசை தெரியாது, மகனுக்காக இங்கே வந்து படிக்கிறேன். அவனுக்குப் பதின்மூன்று வயது, இடது கைப் பழக்கம். பேஸ் கற்க வேண்டும் என்கிறான். வகுப்பில் வலது கையால்தான் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் கருவி கிடைக்காது என்று சொல்கிறார்கள். சின்ன வயதில் எழுதும்போதும் கையை மாற்றச் சொல்லி அவனைப் பள்ளியில் அழ வைத்தார்கள். திரும்ப அதையே நான் செய்யக்கூடாது என்று நினைக்கிறேன். இப்போதே அவனுக்கென்று ஒன்று செய்து வாங்கிவிடலாமா?

---

பழைய_பேஸிஸ்ட் | சென்னை

அம்மா, பேஸுக்கு இரண்டு கையும் சமமாக உழைக்க வேண்டும். வலது கையால் கற்றுக்கொண்ட இடது கைக்காரர்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கடையில் எது வேண்டுமானாலும் கிடைக்கிறது. வகுப்பில் சொல்வதைத் தவறு என்று ஒதுக்க வேண்டாம்.

---

இடக்கை_பேஸ் | பாளையங்கோட்டை

அண்ணன் சொல்வது நடைமுறையில் சரி. ஆனால் தாளத்தைத் தட்டும் கை எது என்பது அந்தப் பையனுக்குத்தான் தெரியும். பாட்டுக் கேட்கும்போது மேசையில் எந்தக் கையால் தாளம் போடுகிறான் என்று கவனித்துப் பாருங்கள் அம்மா. கம்பியை மீட்ட அந்தக் கைதான் முந்திக்கொண்டு போகும். எனக்கு இடது கை முந்திக்கொண்டது, வலது கையால் மூன்று மாதம் முயன்றும் தாளம் நிற்கவில்லை. உங்கள் மகனுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் வலது கையிலேயே கற்கட்டும், வசதிதான். இல்லையென்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

செய்து வாங்குவது மட்டும் இப்போது வேண்டாம். பதின்மூன்று வயதில் அளந்த அளவு பதினேழில் பொருந்தாது. 30 அங்குல நீளத்தில் சின்ன பேஸ்கள் இருக்கின்றன, இடது கைக்கும் ஆரம்பநிலையில் கிடைக்கும். கடையில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் தருவித்துக் கொடுப்பார்கள். அதில் நாலு வருடம் வாசிக்கட்டும். எங்கே வலிக்கிறது, எது இடிக்கிறது என்று அவனே சொல்வான்.

நாசரேத் எனக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஆராதனை முடிந்ததும் பதினொரு மணிக்கு மேல் சர்ச்சில்தான் இருப்பேன், மகனை அழைத்துக்கொண்டு வாருங்கள். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். என் பேஸ் அவனுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், உட்கார்ந்து வாசிக்கலாம். நண்பருடைய வலது கை பேஸையும் வாங்கி வைக்கிறேன், இரண்டையும் மாற்றி மாற்றி மடியில் வைத்துப் பார்க்கட்டும்.

---

ஒரு_அம்மா | நாசரேத்

வருகிறோம் தம்பி. அவனிடம் சொன்னேன். இப்போதே ஸ்கேலை எடுத்துத் தன் கையை அளந்துகொண்டிருக்கிறான்.